மலை ஏறும் பழைய ஜீப்: மீட்டெடுப்பதா, மாற்றியமைப்பதா?

பழைய ஜீப் ஒன்றை வாங்கியவர் முன்னால் இரண்டு வழிகள் நிற்கின்றன. கம்பெனியிலிருந்து வந்தபடியே அதை மீட்டெடுப்பது ஒன்று. இன்ஜினை மாற்றி, டயரைப் பெரிதாக்கி, உயரத்தைக் கூட்டித் தன் விருப்பத்துக்கு வளைத்துக்கொள்வது மற்றொன்று. பெருநகரங்களில் இது ரசனை பற்றிய விவாதமாக முடிந்துவிடலாம். தேனி மாவட்டத்தில் அப்படி முடியாது. இங்கே ஜீப் ஞாயிற்றுக்கிழமை வண்டி அல்ல. போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும் விடிவதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய்வருகிற வேலை வண்டி. மேகமலைக்குச் சொந்தமாக ஒரு பழைய ஜீப்பில் போக நினைப்பவரும் அதே மலையைத்தான் ஏறி இறங்க வேண்டும். எனவே எது அழகு என்பதை விட, மலையில் நின்றுபோனால் எதைப் பழுது பார்க்க முடியும் என்பதே சரியான கேள்வி. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மீட்டெடுப்பே வெல்கிறது. ஆனால் முழுமையாக அல்ல. பிரேக்கும் விளக்கும் விதிவிலக்கு.

முதலில் எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று வரையறுத்துக்கொள்ளலாம். 1947-ல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப் தொழிலில் இறங்கிய மஹிந்திராவின் வண்டிகளில், பழைய ஜீப் என்றதும் பலர் மனதில் வருவது சிஜே-3பி. 80 அங்குல வீல்பேஸ், 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 72 குதிரைத்திறன், மூன்று கியர். உறிஞ்சும் வால்வுகள் மேலே அமைந்த உயரமான இன்ஜின் என்பதால்தான் அதன் பானெட் அப்படித் தூக்கி நிற்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே நின்றுபோன அந்த வடிவம் இங்கே அதற்குப் பிறகும் நீடித்தது. அடுத்தது எம்எம்540. 91 அங்குல வீல்பேஸும், 1979-ல் பியூஜோவிடம் உரிமம் பெற்ற எக்ஸ்டிபி 2.1 லிட்டர் டீசல் இன்ஜினும் கொண்டது. பின்னால் நீண்ட உடலோடு வந்த கமாண்டர் போன்றவை மூன்றாவது வகை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேலையைப் பெரும்பாலும் சுமந்தவை இவைதான்.

மாற்றியமைப்பவர்கள் முதலில் சொல்லும் குறை, பழைய ஜீப்புக்கு இழுவை போதாது என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி உண்மைதான். சிஜே-3பி-யின் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.46, ஆக்ஸில் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 37 சுற்றுச் சுற்றும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையில் வண்டி நடைவேகத்தில் தவழ இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இறக்கத்தில் அதே கியரே பிரேக் வேலையையும் பார்த்துவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் வேறு கதை. அது தார்ச்சாலை. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டியில், காய்ந்த தாரில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுத் திருப்பினால் ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே அங்கே ஹை ரேஞ்சில், இரண்டாம் கியரில், மெதுவாகத்தான் ஏற வேண்டும். பழைய ஜீப் மெதுவானது என்பது சரி, மலையேறாது என்பது தவறு.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் முதல் மாற்றம் பெரிய டயர். சிஜே-3பி-க்கு வந்த 6.00-16 டயரின் விட்டம் சுமார் 29 அங்குலம். அந்த இடத்தில் 31 அங்குல டயரைப் போட்டால் கியர் விகிதம் ஆறேழு சதவீதம் நீர்த்துப்போகிறது. 37 என்பது 35-க்குச் சற்றுக் கீழே போய்விடுகிறது. பிரேக் டிரம் அதே அளவில் இருக்க, அது நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகிவிடுவதால் நிறுத்தும் விசையும் அதே விகிதத்தில் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தை விடக் குறைவாகக் காட்டும். பெரிய டயருக்கு இடம் வேண்டுமென்று ஸ்பிரிங் பட்டைகளைத் தூக்கினால் ஈர்ப்பு மையம் உயர்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதை இணைக்கும் யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் தேய்கிறது. இரண்டு மீட்டர் வீல்பேஸும் ஒன்றேகால் மீட்டர் அளவே சக்கர இடைவெளியும் கொண்ட வண்டி, ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் வளைவில் உயரமாக நிற்பது நல்லதல்ல. படத்துக்குக் கம்பீரமாக இருக்கும் இந்த மாற்றம், மலைக்கு வேண்டிய மூன்று குணங்களை ஒரே அடியில் வெட்டுகிறது: இழுவை, நிறுத்தம், நிலைத்தன்மை.

இன்ஜின் மாற்றத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெட்ரோல் செலவைத் தாங்க முடியாமல் ஜீப்புகளில் டீசல் இன்ஜின் ஏற்றும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதைத் தூய்மைவாதம் பேசிக் கண்டிப்பது நியாயமல்ல. மஹிந்திராவே உயர்ந்த பானெட் ஜீப்பில் பியூஜோ டீசலைப் பொருத்தி சிஜே 340 டிபி என்று விற்றது. ஆனால் அந்த உதாரணம் காட்டுவது என்ன? கம்பெனி அதைச் செய்தபோது தன் மற்ற வண்டிகளிலும் ஓடிய இன்ஜினைத்தான் எடுத்தது. அதே குடும்பத்து இன்ஜின் என்றால் உதிரிபாகம் உண்டு, கை பழகிய மெக்கானிக் உண்டு. எங்கிருந்தோ கிடைத்த வேறு கம்பெனியின் டர்போ இன்ஜினை வெல்டிங் செய்த தாங்கிகளில் உட்காரவைப்பது அப்படிப்பட்டதல்ல. கூடுதல் எடை முன் பட்டைகளை அமுக்குகிறது. 72 குதிரைத்திறனுக்கு வடிவமைத்த கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் அதை விட அதிக விசையைச் சுமக்கின்றன. ரேடியேட்டர் போதாமல் நீண்ட ஏற்றத்தில் சூடேறுகிறது. ஒன்றை மாற்றினால் அடுத்ததை மாற்ற வேண்டும் என்ற சங்கிலி அங்கே தொடங்குகிறது.

என் வாதத்தின் மையம் இதுதான்: இந்த மாவட்டத்தில் பழைய ஜீப் இத்தனை காலம் பிழைத்ததற்குக் காரணம் அதன் வலிமையை விட, பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது. பட்டை, பேரிங், கிளட்ச், கிராஸ் என்று ஒரு மஹிந்திராவின் பாகங்கள் பல இன்னொன்றுக்கும் சேரும், அல்லது சிறிய திருத்தத்தோடு சேரும். ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று காலையில் நின்றால் அன்றைய கூலி போச்சு; ஆகவே கம்பத்திலும் போடியிலும் பட்டறைகள் இந்த வண்டிகளைச் சுற்றியே தொழில் பழகின. கம்பெனி அளவில் இருக்கும் ஜீப்பை வைத்திருப்பவர் அந்த அறிவு முழுவதையும் இலவசமாகப் பெறுகிறார். தனக்கென்று வெட்டி ஒட்டி மாற்றிய ஜீப்புக்கு அந்த மாற்றத்தைச் செய்தவர் மட்டுமே மருத்துவர். அவர் கோவையிலோ பெங்களூரிலோ இருந்தால், குமுளிச் சாலையில் நிற்கும் வண்டிக்கு லாரியில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இங்கே ஓடும் தோட்ட ஜீப்புகளே மாற்றியமைத்தவைதானே, பின்னால் பெஞ்ச் கூட்டி, மேலே கேரியர் வைத்து, கம்பி கட்டி ஓட்டுவதுதானே இந்த மண்ணின் வழக்கம், அதை விட்டுவிட்டு 1960-களின் கம்பெனிப் படத்தைப் பார்த்து வண்டியை அலங்கரிப்பதில் என்ன உண்மை இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மாற்றங்களைக் கூர்ந்து பார்த்தால் அவை பெரும்பாலும் உடலின் மேல்தான் நடந்திருக்கின்றன. கூலிக்கு ஓடும் உரிமையாளர் ஷாஃப்டையும் ஆக்ஸிலையும் தேவையில்லாமல் தொடமாட்டார். தொட்டால் அடுத்த நாள் ஓடாது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றக் கூட்டிய பெஞ்சுகளோ பின்பற்றத் தக்க மரபல்ல. மலைச்சாலை விபத்துகளில் தோட்டத் தொழிலாளர்கள் கொடுத்த விலை அதற்குப் போதிய சாட்சி. வழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இயந்திரத்தில் கைவைக்காமல் காத்த பொறுமையை மட்டும்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பழையபடியே வைப்பதா? இல்லை. பிரேக்கில் பழமை பாராட்டுவது ஆபத்து. அந்தக் காலத்து ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழியில் ஆயில். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போய் இறங்கும் வழியில் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைவதும் உண்டு. பிற்கால மஹிந்திரா வண்டிகளின் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முன்சக்கர டிஸ்க் ஆகியவற்றைப் பொருத்துவது பொருந்தும் மாற்றம். குடும்பத்துக்குள்ளேயே கிடைக்கிறது, போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பவும் முடிகிறது. சீட் பெல்ட், 12 வோல்ட் மின்சாரம், ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் போட்ட புது ஒயரிங், மூடுபனியில் தாழ்ந்து வீசும் விளக்கு ஆகியவையும் இதே வகை. எதிரில் வருபவரின் கண்ணைப் பறிக்கும் எல்இடி பட்டை இந்தப் பட்டியலில் சேராது. கொண்டை ஊசி வளைவில் அது இரண்டு வண்டிகளுக்கும் கேடு.

சட்டமும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. இன்ஜின் மாற்ற ஒப்புதல் வேண்டும். கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்தது. சேஸை வெட்டி நீட்டுவதும் குறுக்குவதும் இதில் வசமாகச் சிக்கும். மறுபக்கம், முழுத் தூய்மைக்கும் விலை உண்டு. 2021-ல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த, சேஸும் உடலும் இன்ஜினும் மாறாத வண்டியை ‘விஏ’ எழுத்துகளுடன் விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அதைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம்; அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. 1980-களின் எம்எம்540-க்கு அந்த வயதே இன்னும் ஆகவில்லை. ஆகவே ஓட்ட விரும்புபவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் வழி. 20 ஆண்டு கடந்த கார், ஜீப் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது.

என் வண்டி, என் இஷ்டம் என்பது கடைசி வாதம். அந்த இஷ்டத்தில் இருப்பது வேகமும் ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் என்றால், அதற்கான வண்டி சந்தையில் இருக்கிறது. 2010-ல் வந்து 2020-ல் முற்றிலும் புதிதான மஹிந்திரா தார், கம்பெனி உத்தரவாதத்தோடு அவற்றைத் தருகிறது. அதைச் செய்ய ஒரு சிஜே-3பி-யை அறுக்கத் தேவையில்லை. அறுத்த சேஸ் திரும்ப முளைக்காது. உங்களுக்குப் பின் அதை வாங்குபவருக்கு இருக்கும் தேர்வுகளையும் நீங்களே முடித்துவிடுகிறீர்கள்.

தீர்ப்பு இதுதான். சிஜே-3பி கிடைத்தால் சேஸ், கியர்பாக்ஸ், ஆக்ஸில், டயர் அளவு ஆகியவற்றைக் கம்பெனி கணக்குக்கே கொண்டுவாருங்கள். பிரேக்கையும் விளக்கையும் மட்டும் காலத்துக்கேற்ப மாற்றுங்கள். எம்எம்540-ஐயும் கமாண்டரையும் பளபளப்பாக்கப் பணத்தைக் கொட்டாமல், ஆயில் கசிவு, ஸ்டியரிங் ஆட்டம், பட்டை, பிரேக் என்ற வரிசையில் செலவழியுங்கள். வாங்குவதற்கு முன் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்; எதை மாற்றினாலும் எஃப்.சி.க்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எந்த மாற்றத்துக்கும் ஒரே சோதனை போதும்: ஸ்பேனரால் கழற்ற முடிந்தால் செய்யலாம், கட்டர் தேவைப்பட்டால் வேண்டாம்.