சூடும் நாகரிகமும்

விவாதம் தடிக்கிற இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, 'கொஞ்சம் நாகரிகமாப் பேசலாமே தோழர்' என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு விவாதிக்கப்படுவது பிரச்சினை அல்ல, பேசியவரின் தொனி. அமராவதி நகர்ப் பக்கம் நடக்கும் எங்கள் வாசிப்புக் கூட்டங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் ஏன் குறைஞ்சுதுன்னு கேட்ட டெய்லர் 'மரியாதை தெரியாதவர்' ஆகிவிடுவதும் இதே தந்திரத்தால்தான். ஆக, நாகரிகம் என்பது பொதுவான விதி அல்ல. யார் யாரிடம் கோருகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

லாகூரின் ஜாத் பட் தோடக் மண்டல், தன் 1936 மாநாட்டில் தலைமையுரை ஆற்ற அம்பேத்கரை அழைத்தது. உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அவர். மாநாடு ரத்தானது, உரையைத் தன் செலவில் அச்சிட்டார். காந்தி 'ஹரிஜன்' இதழில் அதை மறுத்து எழுதினார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அம்பேத்கர் செய்ததுதான் முக்கியம்: காந்தியின் மறுப்பை அப்படியே பின்னிணைப்பாகச் சேர்த்து, அதற்கு அடுத்துத் தன் பதிலை வைத்தார். பதிலில் சூடு குறையவில்லை, கேலியும் உண்டு. ஆனால் எதிராளி சொன்னது என்ன என்பதை வாசகர் எதிராளியின் வாயாலேயே கேட்க முடிந்தது.

இன்னொன்று நம் கொங்குப் பகுதியில். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன. அடுத்த மாதம் கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்ததற்கு 'சமாதானப் பேச்சு' என்று பெயர். எழுத்தாளர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டார். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் ஒப்புக்கொண்டார். பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அறிவித்தார். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று சொல்ல வேண்டியிருந்தது.

முதலாவதில் சமாதானமே இல்லை, ஆனால் விவாதம் இன்றுவரை நடக்கிறது. இரண்டாவதில் சமாதானம் வந்தது. நாவல் பற்றிய பேச்சு செத்தது. விவாதத்தைக் கெடுப்பது சூடு அல்ல, கூட்டத்தின் பலமும் கையெழுத்து வாங்கும் அதிகாரமும்தான் என்பேன்.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் பேசலாமா என்று தோழர்கள் கேட்கலாம். இல்லீங்க. சூடு வேறு, வசை வேறு. சூடு கருத்தின் மேல் விழுகிறது. வசை சாதியை, குடும்பத்தை, உடம்பை இழுக்கிறது. பெண் தோழர் ஒருவர் குரலை உயர்த்தியவுடன் அவர் வாழ்க்கையைத் துழாவுகிறோமே, அது வசை. எதிராளியின் கடிதத்தில் நமக்கு வசதியான நாலு வரியை மட்டும் வெட்டிப் போட்டுப் பதில் எழுதுகிறோமே, அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. இருந்தாலும் அதைவிட அநாகரிகம் கிடையாது.

சிறுபத்திரிகைகளுக்கும் கூட்டங்களுக்கும் நான் கேட்கும் ஒழுங்கு இவ்வளவுதான்: மறுப்பவரை முழுசாப் பேச விடுங்கள், அவர் சொன்னதில் வலுவானதுக்குப் பதில் சொல்லுங்கள். தொனியைப் பற்றிய புகாரை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.