பல மாதிரியுருக்களின் ஒருமித்த தீர்ப்பு

சான்று பகர்வோர் பலராயின் தீர்ப்பு உறுதிப்படும் என்பது உலகோர் துணிபு. மின்வலையின் பாதுகாப்பை மதிப்பிடுந் துறையிலும் இத்துணிபு வேரூன்றியுள்ளது. ஒரு முன்கணிப்பு மாதிரியுருவை மட்டும் நம்பாது, பலவற்றை ஒருங்குசேர்த்து அவற்றின் பெரும்பான்மைத் தீர்ப்பைக் கொள்ளுதலே நன்றென அத்துறையார் பலர் கூறுவர். அக்கூற்று எத்துணைப் பொருந்துமென்பது ஆராயற்பாலது.

ஒரு மின்செலுத்தல் வழியோ ஒரு மின்பிறப்பாக்கியோ திடீரெனத் தொழிற்படாதொழியினும் எஞ்சியவை சுமையைத் தாங்கி நிற்குமாயின் அவ்வலை பாதுகாப்புடையது எனப்படும். இவ்விதி தவறின் விளைவதென்ன என்பதை 2003 ஓகத்து 14 காட்டிற்று. அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 345 கிலோவோற்று வழிகள் மூன்று, தொய்ந்து மரங்களைத் தீண்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்பற்றன. கட்டுப்பாட்டறையின் எச்சரிக்கை அமைப்புப் பழுதுற்றிருந்தமையின் ஆங்கிருந்தோர் அதனை உணர்ந்திலர். ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

நேரக்கூடிய இடர் ஒவ்வொன்றையும் அவ்வப்போது முற்றக் கணித்தற்குக் காலம் போதாது. ஆதலின், பல்லாயிரம் நிலைமைகளை முன்னரே கணித்துவைத்து, அவற்றைக் கொண்டு மாதிரியுருக்களைப் பயிற்றும் முறை எழுந்தது. பெல்சியத்து லியேச்சுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெங்கல் என்பாரும் பிறரும் 1989இல் இதற்குத் தீர்மான மரங்களைப் பயன்படுத்தினர். பின்னர், 1996இல் பிரைமன் என்னும் புள்ளிவிபரவியலறிஞர், ஒரே தரவிலிருந்து பலமுறை மாதிரியெடுத்துப் பல மரங்களை அமைத்து அவற்றிடம் வாக்குக் கேட்கும் முறையை வகுத்தார்.

இம்முறையின் கவர்ச்சி எளிய கணக்கொன்றினாற் புலனாகும். பத்துக்கு ஒன்று தவறும் மாதிரியுருக்கள் மூன்று உளவெனக் கொள்க. அவை தத்தம் வழியிலே தனித்தனி தவறுமாயின், பெரும்பான்மைத் தீர்ப்பு ஆயிரத்தில் 28 முறையே பிழைபடும். ஒன்று தவறுமிடத்து மற்றிரண்டும் தவறுமாயின் ஆயிரத்தில் 100 முறை பிழைபடும். மூன்று வைத்தும் ஒன்று வைத்தும் பயன் ஒன்றே. எனவே வலிமை எண்ணிக்கையில் இல்லை, தவறுகளின் தனித்தன்மையில் உள்ளது. காட்டின் பிழை மரங்களுக்கிடையேயுள்ள ஒட்டுறவைப் பொறுத்ததென்பதைப் பிரைமனே 2001இல் நிறுவினார். அவரைப் பின்பற்றுவோர் பலர் அவர் முறையைக் கொண்டு அவர் எச்சரிக்கையைக் கைவிட்டமை வியப்பே.

மின்வலைத் துறையிலே இவ்வொட்டுறவு மிகுதற்குக் காரணம் வெளிப்படை. மரமாயினும் நரம்புவலையாயினும் யாவும் ஒரே கணிப்புச் செய்நிரலின் விடைகளையே கற்கின்றன. அச்செய்நிரல் சுமையின் இயல்பைப் பிழையாகக் கொண்டிருப்பின், எல்லாச் சான்றாளரும் ஒரே பொய்யை ஒருவாய்ப்படக் கூறுவர்.

பெரும்பான்மை விதியும் ஐயத்துக்குரியது. பொய்யெச்சரிக்கையால் வருவது பணச்செலவு. எச்சரிக்கை தவறினால் வருவது நாடு முழுதும் இருள். இவ்விரண்டையும் சமமாக நிறுப்பது எங்ஙனம்? ஒரு மாதிரியுரு ஐயுற்றாலும் எச்சரிக்க எனின், மேற்கூறிய மூன்றும் தனித்தனி தவறுமிடத்து ஆபத்தான நிலைமைகளில் ஆயிரத்துக்கு ஒன்றே தப்பும். ஆயின் பாதுகாப்பான நிலைமைகளில் ஆயிரத்துக்கு 271இல் வீணெச்சரிக்கை எழும். அத்துணை ஓலத்தை எந்தக் கட்டுப்பாட்டறையும் நெடுநாட் பொறாது.

ஆகவே, கூட்டுமுறையின் உண்மைப் பயன் உடன்பாட்டிலன்று, முரண்பாட்டிலேயே காணப்படும். மாதிரியுருக்கள் பிணங்கும் நிலைமைகளைப் பிரித்தெடுத்து முழுக் கணிப்புக்கு அனுப்பினால், குறுகிய காலம் வேண்டுமிடத்துச் செலவாகும். பலருஞ் சிறப்பாகப் பேசும் சரிநுட்ப விழுக்காட்டினும் இது பெறுமதி வாய்ந்தது. எனினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு. 2025 ஏப்பிரில் 28இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் மின்சாரம் இழந்தபோது, வோல்ற்றளவு மிகையாகி மின்பிறப்பாக்கிகள் அடுத்தடுத்துத் தொடர்பறுந்தன. இவ்வகை நிகழ்ச்சி ஐரோப்பாவில் அதற்குமுன் அறியப்பட்டதில்லை என ஐரோப்பிய மின்செலுத்தல் நிறுவனங்களின் நிபுணர் குழு கூறிற்று. பயிற்றிய தரவில் இடம்பெறாத இத்தகைய நிகழ்ச்சி நேருங்கால், மாதிரியுருக்கள் தம்முட் பிணங்காது ஒருமித்து ‘பாதுகாப்பு’ என்றே கூறவுங் கூடும். முழுக் கணிப்புக்கு அனுப்புமாறு சொல்ல அவற்றுள் ஒன்றும் இராது.