அக்னியும் ஒரு லட்சம் மரக்கன்றுகளும்

அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலை எங்கட ஆக்கள் பெரும்பாலும் இராமேஸ்வரத்துக்காகத்தான் வாசிக்கிறாங்க: வாப்பா ஜைனுலாப்தீன், பள்ளிவாசல் தெரு, வாப்பாவுக்கும் லட்சுமண சாஸ்திரிகளுக்கும் இருந்த நட்பு. பிழையில்லை, அருமையான பக்கங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் இடம். 1989 மே 22 அக்னி ஏவுகணை பறந்தது. முதல் நாள் இரவு, வெற்றியை எப்படிக் கொண்டாடலாம் என்று பாதுகாப்பு அமைச்சர் கே.சி. பந்த் கேட்கிறார். ஒரு லட்சம் மரக்கன்றுகள் நடவேணும் என்கிறார் கலாம்.

கேட்க இனிக்கிறது. ஆனால் படையை அனுப்பும்போது அபூபக்கர் (ரலி) காய்க்கும் மரத்தை வெட்டாதீர்கள் என்றது எதிரியின் மண்ணில் நிற்கிற மரத்தை. ஏவுகணை விழுகிற இடத்து மரம் இந்த நூலில் இல்லை. 2009இல் ஆஸ்பத்திரிக்கே ஷெல் விழுந்த புதுக்குடியிருப்பில் இருந்து வாசித்தால் அந்தக் குறை உறுத்தத்தான் செய்யும்.

நூல் வந்தது 1999இல். முந்திய வருஷம் மே மாதம் பொக்ரானில் இந்தியாவும் சாகாயில் பாகிஸ்தானும் குண்டு வெடித்துப் பார்த்தன. 1999 பெப்ரவரியில் வாஜ்பாயும் நவாஸ் ஷெரீபும் லாகூரில் கைகுலுக்கினார்கள். சில மாதத்திலேயே கார்கில் சண்டை. நம்மவர்களில் ஒரு சாரார் ‘நம்ம கலாம்’ என்றனர், மறுசாரார் ‘இஸ்லாமியக் குண்டு’ என்றனர். குண்டுக்குக் கலிமா தெரியுமா?

அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடித்த 1995 மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம்ம நாட்டு ஜயந்த தனபால. அவரைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் என் கண்ணில் இன்னும் படவில்லை.