கோல்ரிட்ஜின் பறவையும் பழவேற்காட்டுப் பாடும்

கோல்ரிட்ஜின் 'முதிய மாலுமி' கவிதையை (1798) நம்ம கல்லூரிகளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: இயற்கையை மதி, இல்லாவிட்டால் தண்டனை. தேர்வுக்கு இது போதும். கவிதைக்குப் போதாது.

இந்தக் கவிதையில் நீதியே இல்லையே என்று கோல்ரிட்ஜிடம் நேரிலேயே குறைப்பட்டவர் அன்னா பார்பால்ட். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜோசப் பிரீஸ்ட்லி காற்று ஆராய்ச்சிக்காகப் பொறியில் பிடித்து வைத்த எலிக்குப் பரிந்து கவிதை எழுதி, 1773இல் அச்சிட்டவர். கோல்ரிட்ஜ் சொன்ன பதிலின் சாரம் இது: நீதி இல்லை என்பதல்ல குறை, கூடிப்போனதுதான் குறை. ஆயிரத்தொரு இரவுகளில் ஒரு வணிகன் கிணற்றடியில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையை வீசுகிறான். பூதம் கிளம்பி வந்து, 'உன் கொட்டை பட்டு என் மகன் கண் போச்சு, உன்னைக் கொல்லணும்' என்கிறது. அந்தக் கதையில் இருக்கும் அளவுக்குத்தான் தன் கவிதையிலும் நீதி இருந்திருக்க வேண்டுமாம்.

இந்தப் பதிலைப் பலரும் கலைக்குப் போதனை வேண்டாம் என்கிற கட்சியாக மட்டும் படிக்கிறார்கள். நான் பழவேற்காடு ஏரியை, சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் கரையை, மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். எனக்கு அந்தப் பேரீச்சங்கொட்டை அம்பு பட்ட பறவையைவிட உண்மையாகத் தெரிகிறது. ஏரியடியில் புதைந்த கிளிஞ்சலைத் தோண்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பியவர்கள் யாரும் எந்தப் பூநாரையையும் குறிவைக்கவில்லை. ஆற்று நீர் குறைவதும் முகத்துவாரம் மணலில் அடைபடுவதும் ஒருத்தர் கைவேலை அல்ல. மாலுமி மாதிரி ஒரு குற்றவாளியைத் தேடினால் கிடைக்கமாட்டான்.

கோல்ரிட்ஜுக்கும் இது ஓரளவு தெரிந்திருக்கிறது. பறவையைக் கொன்றதும் கப்பலாட்கள் திட்டுகிறார்கள். மூடுபனி விலகியதும், கொன்றது சரிதான் என்கிறார்கள். செத்துப்போவது அந்த 200 பேர். எய்தவன் பிழைத்து, நீர்ப்பாம்புகளை மனதார வாழ்த்தி, கழுத்தில் தொங்கிய பறவை விழுந்து, கதை சொல்லியாகிறான். கடைசியில் எல்லாம் ஒருவனுடைய ஆன்மக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. அவன் திருந்தினான், சரி. அந்தக் கடலில் நாளைக்கு யார், எப்படி நடந்துகொள்ளணும்? அதற்குக் கவிதையில் இடமே இல்லை.

பழவேற்காட்டுக் குப்பங்களில் இருப்பது அந்தக் கேள்விக்கான ஏற்பாடு. பெயர் 'பாடு'. இறால் பிடிக்கும் இடங்களைத் தலைக்கட்டுகளுக்குள் குலுக்கிப்போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. இன்றைக்கு உன் முறை இல்லையென்றால் அந்த இடத்தில் உன் வலை இறங்கக் கூடாது. யாரும் ஏரியைப் பார்த்து உருகவேண்டிய அவசியமில்லை; முறை தவறாமல் இருந்தால் போதும்.

இதையும் புனிதமாக்கிவிடக் கூடாது, இங்கேதான் நம்ம ஆட்கள் வழுக்குகிறார்கள். தலைக்கட்டு என்பது பட்டினவர் ஆண்களின் உரிமை. பெண்களுக்குப் பாடு கிடையாது. ஆழமில்லாத நீரில் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர்களுக்கும் கிடையாது. இறால் விலை ஏற ஏற, ஏரி யாருக்கு என்கிற சண்டையும் ஏறியது.

ரொமாண்டிக் காலத்தில் இந்தப் பக்கத்தைத் தொட்டவர் என்றால் எனக்கு ஜான் கிளேர்தான். கூலி வேலை பார்த்தவர். 1809இல் வந்த சட்டம் அவருடைய ஹெல்ப்ஸ்டன் ஊரின் பொதுநிலத்தை வேலிபோட்டுப் பிரிக்க வழிசெய்தது. அவருடைய புலம்பலில் மரமும் பறவையும் நிறைய வரும். கூடவே, நேற்றுவரை நடந்த பாதையில் இன்று நடக்கத் தடை என்கிற பலகையும் வரும். நம் பாடத்திட்டங்களில் வேர்ட்ஸ்வொர்த்துக்கும் கோல்ரிட்ஜுக்கும் கிடைக்கிற இடத்தில் கால்வாசிகூட அவருக்குக் கிடைப்பதில்லை. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கவிதை நடத்துகிறவர்கள், முதல் வாரம் கிளேரை எடுத்துப் பார்க்கலாம்.