‘உள்ளுறை’ என்னும் சொல்லும் வெப்பக் கலைச்சொற்களும்

வேதியியலைத் தமிழிற் பயில்வார்க்கு வெப்ப ஆற்றற் பகுதியில் நேரும் இடர் பெரும்பாலும் கணக்கினால் நேர்வதன்று, சொல்லினால் நேர்வது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘என்தால்பி’ என ஒலிபெயர்த்து ஆளும் ஒன்றனை, ஈழத்துப் பாடநூல்கள் ‘வெப்பவுள்ளுறை’ என ஆண்டு வந்துள்ளன. பனிக்கட்டி உருகுங்கால் வெப்பநிலை சிறிதும் உயராமலே ஏற்கப்படும் வெப்பத்தை முன்னவை ‘உள்ளுறை வெப்பம்’ என்னும். பின்னவை ‘மறைவெப்பம்’ என்னும். எனவே, ‘வெப்பவுள்ளுறை’, ‘உள்ளுறை வெப்பம்’ என்னும் இரண்டும் ஒரே இருசொற்களால் ஆகி, முன்பின் மாறிய அளவிலேயே வெவ்வேறு பொருளைக் குறிப்பனவாயின. இரு நாட்டு நூல்களையும் ஒருங்கு வைத்துப் பயிலும் மாணவன் மயங்குவதில் வியப்பில்லை.

இவற்றுள் எவ்வழக்குச் சிறந்தது? தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்தை அறிந்தார்க்கு, உள்ளுறை என்பது வெளிப்படத் தோன்றாது உள்ளே தங்கிய பொருளைக் குறிக்கும் என்பது புலனாகும். வெப்பமானி காட்டாத வெப்பத்திற்கு அச்சொல்லை இட்டது இலக்கிய மரபோடு பொருந்துவதே. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 334 ஜூல் வேண்டும். அவ்வளவும் ஏற்ற பின்னரும் பாதரசம் அசைவதில்லை. ஆயினும், சொல்லழகு பொருட்பிழையை மறைத்துவிடலாகாது. 1760களில் ஜோசப் பிளாக் இதனை ஆராய்ந்த காலம், வெப்பம் ஒரு நுண்பொருள் எனப் பலர் கருதிய காலம். 1789இல் இலவாசியே தம் தனிமப் பட்டியலில் அதனையும் சேர்த்தார். உருகும் பனிக்கட்டியில் வெப்பம் வெப்பமாகவே ஒளிந்திருப்பதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்துவதில் அது செலவாகிறது. ‘உள்ளுறை’, ‘மறை’ ஆகிய இரண்டுமே அப்பழங்கருத்தின் எச்சங்கள்.

‘வெப்பவுள்ளுறை’ என்பதன் பிழை இதனினும் நுட்பமானது. ஒரு பொருளின் அக ஆற்றலோடு, அதன் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வந்த தொகையைக் கூட்டப் பெறுவதே என்தால்பி. அது பொருளின் நிலையைப் பொறுத்தது. ஆதலின் ‘உள்ளுறை’ என்னும் பகுதி குற்றமுடையதன்று. குற்றம் ‘வெப்ப’ என்னும் அடைமொழியில் உள்ளது. வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டால் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லும் ஆற்றல். எப்பொருளும் இத்துணை வெப்பத்தைத் தன்னுட் கொண்டுள்ளது எனல் ஒவ்வாது. அழுத்தம் மாறாது, விரிவு வேலையன்றி வேறு வேலை நிகழாவிடத்து, என்தால்பி மாற்றம் கொண்ட அல்லது விட்ட வெப்பத்திற்கு ஒப்பாகும் என்பதே உண்மை. ஒப்பாதல் வேறு, அதுவே ஆதல் வேறு.

கிரேக்கச் சொல்லும் சூடேற்றுதல் என்னும் பொருளுடையதன்றோ எனின், ஆம். ஆனால் அவ்வேர் இன்று பயில்வார்க்குப் புலப்படுவதில்லை. தமிழாக்கமோ படித்த அளவிலேயே பொருள் தருவது. அதனாலேயே பிழையையும் கற்பித்துவிடுகிறது. கிரீன் என்னும் மருத்துவர் 1875இல் வேதிநூலொன்றை வெளியிட்டபோது ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டார். ஒலிபெயர்ப்பை இழிவெனக் கருதுவார் அம்முன்னோடியை நினைத்தல் நன்று.

சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். காளவாயிற் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 178 கிலோ ஜூல் ஏற்கப்படுகிறது. சுட்ட சுண்ணாம்பில் நீர் வார்த்து நீற்றினால் 65 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. கொதித்துப் பொங்குவதை யாவரும் கண்டுள்ளோம். சுவரிற் பூசிய பின், நீற்றிய சுண்ணாம்பு கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகும்போது எஞ்சிய 113 வெளிப்படுகிறது. 65உம் 113உம் கூட 178. எவ்வழிச் சென்றாலும் தொகை மாறாது என 1840இல் ஹெஸ் நிறுவிய விதி இதுவே. இங்கே ‘வெப்பவுள்ளுறை’ என்போமாயின், காளவாயின் வெப்பமே சுண்ணாம்பிற் குடியிருந்து பின்னர் வெளியேறிற்று என மாணவன் கொள்வான். சேமிக்கப்பட்டது ஆற்றல், சுட்ட சுண்ணாம்போ கைக்குக் குளிர்ந்தே இருக்கிறது.

வினைகளின் பெயரில் தமிழ்நாட்டு வழக்கே சிறந்தது. ‘வெப்பம் கொள் வினை’, ‘வெப்பம் உமிழ் வினை’ என்பவற்றுள் கொள்வினை, உமிழ்வினை என்பன வினைத்தொகைகள். நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகவே காட்டுகின்றன. ‘அகவெப்பத் தாக்கம்’, ‘புறவெப்பத் தாக்கம்’ என்பன கிரேக்க முன்னொட்டுக்களின் நேர்பெயர்ப்பு. வெப்பம் செல்லும் திசையைச் சுட்டாது அது இருக்கும் இடத்தைச் சுட்டுகின்றன. வழக்கிலுள்ள ‘சூடு’ முதனிலை திரிந்த தொழிற்பெயர். செயலைக் குறித்த அது, இன்று வெப்பநிலையையே குறித்து நிற்றலின் கலைச்சொல்லாக மீட்டல் அரிது. யாம் அதனை வற்புறுத்தவில்லை.

இன்னும் ஒன்று. ஈழத்துக் கணித வழக்கில் ‘மறை’ என்பது எதிர்க்குறியைக் குறிப்பது. பனிக்கட்டி உருகுதலின் என்தால்பி மாற்றம் மோல் ஒன்றுக்கு 6.01 கிலோ ஜூல், அது நேர்க்குறியுடையது. ஆகவே அவ்வழக்கிற் பயில்வான், மறைவெப்பம் நேர்ப்பெறுமானம் உடையது என எழுத வேண்டியவனாகின்றான். இதனை அடுத்த பதிப்பிலேனும் அந்நூலோர் நோக்குவாராக.