உப்பளத்திலிருந்து செம்மண் மேட்டுக்கு

அனுமந்தைப் பக்கம் சைக்கிள் ஓட்ட வருபவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தாரோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. இந்த வட்டாரத்தின் அழகெல்லாம் சாலையை விட்டு இறங்கும் மண் தடங்களில்தான் இருக்கிறது.

வடக்கே மரக்காணம் உப்பளங்கள். கோடையில் களிமண் தடம் இறுகிக் கிடக்கும். 40 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் வண்டி அதிராமல் ஓடும். மழை பிடித்தால் அதே களி சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். பாத்தி வரப்புகள் மட்டும் உப்புத் தொழிலாளர் கால்களுக்கானவை. டயர் பட்டால் கரை உடையும். மேற்கே கழுவேலி. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் ஈரநிலத் தலமாகவும் ஆன இந்த நீர்ப்பரப்பின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதே சுகம்.

தெற்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. கடற்கரையோரம் அரிதாகிவிட்ட உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. உள்ளே நடந்துதான் போகவேண்டும். அதைத் தாண்டி ஆரோவில் மேடு. 1968இல் மழை அரித்த செம்மண் பொட்டலாக இருந்த இடம் அது. வரப்பெடுத்து மழைநீரை நிறுத்தி, கன்று நட்டு, மனிதர்கள் வளர்த்த காட்டுக்குள் இன்று சரளைத் தடங்கள் வளைந்து போகின்றன. உப்பளத்தின் வெட்டவெளி வெயிலுக்குப் பிறகு அந்த நிழல் உடம்புக்கே புரியும்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று இரும்பை விடாது.