மூலையில் ஒரு குட்டிச் சதுரம்

அக்கா பெண் கல்யாணத்துக்கு விலாசப் பட்டியல் தயார் பண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. 'நீதான் பி.காம். ஆச்சே, எக்ஸெல் எல்லாம் அத்துப்படியா இருக்குமே' என்றாள். மயிலாப்பூரில் மட்டும் பன்னிரண்டு வீடு. எல்லாருக்கும் ஒரே பின்கோடுதானே என்று முதல் கட்டத்தில் 'சென்னை 600004' என்று அடித்து, அதன் வலது கீழ் மூலையில் இருக்கும் குட்டிச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். லேபிள் அடித்து, ஒட்டி, தபாலிலும் போட்டாயிற்று. ஐந்தாவது வரிசையில் இருந்த பெரியப்பாவின் பத்திரிகை 600008-க்கு, அதாவது எழும்பூருக்குக் கிளம்பிவிட்டது.

எழுத்துக்குப் பின்னால் எண் வந்தால், 'ஓஹோ, வரிசை போலிருக்கிறது' என்று எக்ஸெல் தானாகவே 600005, 600006 என்று ஏற்றிக்கொண்டு போகும். வெறும் 600004 என்று அடித்து இழுத்திருந்தால் அதையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கும். 'சென்னை' சேர்த்ததுதான் நான் செய்த குற்றம்!

எனக்குக் கோபம் அது யூகம் செய்ததில் இல்லை. நான் அடித்தது எது, அது யூகித்தது எது என்று பிறகு பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே கறுப்பு. காலேஜில் எங்களுக்கு லெட்ஜர் சொல்லிக்கொடுத்த வாத்தியார், தப்பாகப் போட்டால் ரப்பரால் அழிக்கவே விடமாட்டார். கோடு போட்டு அடி, பக்கத்தில் சரியாக எழுது, கையெழுத்துப் போடு. தப்பு நடந்த தடம் பேப்பரில் இருக்கும்.

ஃபார்மேட்டிங் இன்னொரு கூத்து. இரண்டு கட்டத்தில் 10.4, 10.4 போட்டுக் கூட்டுங்கள். தசமம் வேண்டாமென்று மறைத்துவிட்டால் திரையில் 10, 10, மொத்தம் 21! உள்ளே இருப்பது 20.8, கணக்கு சரி, காட்டுவதுதான் வேறு. பணம் கொடுத்தவர்களுக்கு மஞ்சள் அடித்து வைக்கிறோமே, அந்த மஞ்சள் கூட்டல் ஃபார்முலாவின் கண்ணில் படாது. அது நமக்கு மட்டும் அடித்த பெயின்ட்.

நான் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு தப்பித்தேன். விஞ்ஞானிகள் பாடு பெரும்பாடு. மனித ஜீன்களில் 'மார்ச்1', 'செப்ட்1' என்று சுருக்கப் பெயர் கொண்டவை உண்டு. அடித்த மாத்திரத்தில் எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். ஜீன் பட்டியலை எக்ஸெல் ஃபைலாக இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் இறங்கி வந்தது யார் என்கிறீர்கள்? ஜீன்கள்தான். 2020-ல் பெயர் வைக்கும் கமிட்டி 'மார்ச்1'-ஐ 'மார்ச்எஃப்1' என்றும், 'செப்ட்1'-ஐ 'செப்டின்1' என்றும் மாற்றிவிட்டது. மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்து வைக்க வழி செய்தது 2023-ல்.

இவ்வளவு திட்டினாலும், 1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் 'விசிகால்க்' கொண்டுவந்தபோது அது சாதாரண விஷயமில்லை. ஒரு எண்ணை மாற்றினால் அதை நம்பியிருக்கும் அத்தனை எண்ணும் தானாகத் திருந்தும். பக்கம் பக்கமாகக் கையால் கூட்டியவனுக்குத்தான் அந்த சுகம் தெரியும்.

பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. பத்திரிகை ஊரைச் சுற்றிவிட்டு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. நேரில் போய் எக்ஸெல், ஆட்டோஃபில் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, பன்னெண்டு வீடுதானே, கையால எழுதினா வலிக்குமா?" என்றார்.